திறக்கக்கூடிய ஜன்னலும் திறந்திருக்கும் ஜன்னலும்: ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018 பற்றி

ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற பெயரைக் கேட்டால் ஏதோ பழைய சாஸ்திர ஏடு என்று தோன்றும். விஷயம் அதுவல்ல. ஏசி, பிரிட்ஜ் மேல் ஸ்டார் ஒட்டச் செய்கிற அதே பி.இ.இ., மத்திய மின்துறையின் எரிசக்தித் திறன் பணியகம், 2018 டிசம்பர் 14 அன்று வெளியிட்ட விதித்தொகுப்பு இது. குடியிருப்புகளுக்கு இந்தியாவில் வந்த முதல் ஆற்றல் சேமிப்பு விதி என்பதால் அடித்தளமாக அமைந்துவிட்டது. இங்கே அதன் முதல் பகுதியை மட்டும், அதாவது சுவர், கூரை, ஜன்னல் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பின் வந்த பகுதிகளும் திருத்தங்களும் தனி விவாதம்.

தென்னேரியில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் படிக்க வேண்டும்? காரணம் இருக்கிறது. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் வாலாஜாபாத், காஞ்சிபுரம்: தறி வைத்த வீடுகள். மறுபக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்: தொழிற்சாலைகள், அவற்றில் வேலை செய்கிறவர்களுக்காக எழும்பும் அடுக்குமாடிகள். நடுவில் ஏரியும் வயலும். பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களும், ஒரகடம் பக்கம் ஃபிளாட் வாங்குகிறவர்களும் ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள். ‘பசுமைக் கட்டடம், கரண்ட் பில் குறையும்’ என்று விளம்பர நோட்டீஸில் படித்துவிட்டு வந்து, ‘நல்லதுதானே?’ என்று கேட்கிறார்கள். கரண்டுக்கு நல்லதுதான். மூச்சுக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியோடு இந்த விதித்தொகுப்பைப் படித்ததன் குறிப்புகள் இவை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம்

இது மோசமான ஆவணம் இல்லை. நம் ஊர் விதி நூல்களில் அபூர்வமாகத் தெளிவாக எழுதப்பட்டது. அதன் மையத்தில் ஒரே ஒரு எண் இருக்கிறது. கூரையைத் தவிர்த்து, சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வீட்டுக்குள் வரும் வெப்பத்தைச் சராசரியாகக் கணக்கிட்டால் அது சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது. குளிர்ப் பிரதேசம் தவிர மற்ற எல்லாத் தட்பவெப்ப மண்டலத்துக்கும் இதே எண்தான். கூரைக்குத் தனி வரம்பு. இதைக் கணக்கிடப் பெரிய மென்பொருள் வேண்டாம், ஒரு விரிதாள் போதும். சின்ன ஊர் இன்ஜினியரும் செய்யலாம்.

இன்னொன்று, ஜன்னலை வெப்பம் நுழையும் ஓட்டையாக மட்டும் பார்த்துவிட்டு அடைக்கச் சொல்லவில்லை. தரைப் பரப்போடு ஒப்பிட்டால் இத்தனை சதவீதமாவது திறக்கக்கூடிய ஜன்னல் இருக்க வேண்டும் என்று கீழ் வரம்பும் வைத்திருக்கிறது. வறண்ட வெப்பப் பிரதேசத்துக்கு 10%. குளிர்ப் பிரதேசத்துக்கு 8.33%. சென்னையும் காஞ்சிபுரமும் அடங்குகிற புழுக்கமான வெப்ப மண்டலத்துக்கு 16.66%, அதாவது ஆறில் ஒரு பங்கு. இருப்பதிலேயே நமக்குத்தான் அதிகம். புழுக்கத்துக்கு மருந்து காற்றோட்டம் என்று புரிந்தவர்கள் எழுதியது என்பது இதிலேயே தெரிகிறது.

ஆகவே ‘ஆற்றல் சேமிப்பு என்றாலே காற்றை அடைப்பது’ என்ற பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டை இதன் மேல் வைக்க முடியாது. என் மறுப்பு இன்னும் குறுகலானது. ஜன்னலை எண்ணியிருக்கிறார்கள், காற்றை எண்ணவில்லை.

ஆறில் ஒரு பங்கு எங்கே போகிறது

இந்த 16.66% எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்தால் மூன்று இடத்தில் சறுக்குகிறது.

முதலாவது, கணக்கு அறைவாரியாக இல்லை. கட்டடத்தின் மொத்தத் திறப்பை மொத்தக் கார்ப்பெட் பரப்பால் வகுக்கிறார்கள். இப்போது ஃபிளாட்டுகளில் பரவலாக இருக்கும் 110 சதுர அடி படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நாலுக்கு நாலு அடியில் ஒரு ஸ்லைடிங் ஜன்னல். இரண்டு கதவு ஸ்லைடிங் என்றால் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். விதித்தொகுப்பும் அதற்கு 50% என்றே போடுகிறது, கீல் வைத்த கதவு ஜன்னலுக்கு 90%. ஆக இந்த அறைக்குக் கிடைப்பது 8 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு என்றால் 18க்கு மேல் வேண்டும். பாதிகூட இல்லை. ஆனால் ஹாலில் பால்கனிக்குப் பெரிய கதவு வைத்துவிட்டால் மொத்தத்தில் சரிக்கட்டிவிடலாம். காகிதத்தில் வீடு தேறிவிடும். ராத்திரி எட்டு மணி நேரம் ஆட்கள் படுத்திருக்கும் அறை தேறாது.

இரண்டாவது, ஜன்னல் எதைப் பார்த்துத் திறக்கிறது என்பது. வெளிக்காற்று, பால்கனி, தாழ்வாரம், நடைவழி இவற்றோடு ‘ஷாஃப்ட்’ பக்கம் திறப்பதையும் கணக்கில் சேர்க்கலாம். ஷாஃப்ட் என்றால் என்ன என்று அடுக்குமாடியில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கக்கூஸ் பைப் இறங்குவது அங்கே. அடுப்படி எக்ஸாஸ்ட் ஊதுவது அங்கே. ஏசியின் வெளிப்பெட்டி சூடாக மூச்சு விடுவதும் பல கட்டடங்களில் அங்கேதான். ஏரிக்காற்று வரும் ஜன்னலும் மாடி வீட்டு வறுவல் புகை வரும் ஜன்னலும் இந்தக் கணக்கில் ஒரே மதிப்பு.

மூன்றாவதுதான் முக்கியமானது. திறக்கக்கூடிய ஜன்னல் வேறு, திறந்திருக்கும் ஜன்னல் வேறு. விதித்தொகுப்பு முதலாவதை அளக்கிறது. நம் நுரையீரலுக்கு வேண்டியது இரண்டாவது.

மூடிய அறையின் கணக்கு

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள். இல்லை. வெளிப்பெட்டிக்கும் உள்பெட்டிக்கும் நடுவே போவது குளிரூட்டி ஓடும் செம்புக் குழாய்தான். அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் அது இழுத்து, குளிர்வித்து, திருப்பி விடுகிறது. புதுக்காற்று என்பது கதவிடுக்கில் கசிவது மட்டும்தான். பழைய மர ஜன்னலில் இடுக்கு தாராளம். இப்போதைய யுபிவிசி ஜன்னலில் பிரஷும் ரப்பரும் வைத்து அதையும் அடைத்துவிடுகிறோம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். அறை 110 சதுர அடி, உயரம் ஒன்பதரை அடி. கொள்ளளவு சுமார் 29 கன மீட்டர். கணவன், மனைவி இருவர். தூங்குகிற ஒரு ஆள் மணிக்கு ஏறக்குறைய 13 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுவார், இருவருக்கும் 26 லிட்டர். இடுக்கு வழியே கசியும் காற்று அறையின் கொள்ளளவில் மணிக்கு 30% என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றில் கரியமில வாயு 420 பிபிஎம். இரவு பத்து மணிக்கு மூடினால் காலை ஆறு மணிக்கு அறைக்குள் 3,000 பிபிஎம்மைத் தாண்டியிருக்கும். நடுவில் ஒரு பிள்ளையும் படுத்தால் 4,000 பக்கம் போகும். ஒரகடம் பக்கம் ஆறு பேர் தங்கும் வாடகை அறைகளுக்கு இதே கணக்கை நீங்களே நீட்டிப் பாருங்கள்.

3,000 பிபிஎம் விஷம் இல்லை. யாரும் செத்துவிட மாட்டார்கள். இந்த எண்ணின் அர்த்தம் வேறு. மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858இல் 1,000 பிபிஎம் என்ற எல்லையைச் சொன்னபோதே, கரியமில வாயுவை அவர் ஓர் அடையாளமாகத்தான் எடுத்துக்கொண்டார். ஆள் விட்ட மூச்சு எவ்வளவு வெளியேறாமல் தங்கியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அதோடு கூடவே தங்குவது எவை? பிளைவுட் அலமாரியிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு, அது சூட்டிலும் ஈரத்திலும் கூடும். புது பெயின்ட் வாடை. சமையல் புகையின் நுண்துகள். வீட்டில் ஒருவருக்குச் சளி என்றால் அந்தக் கிருமியும். டென்மார்க்கில் மாணவர் விடுதி அறைகளில் செய்து 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 2,500 பிபிஎம் அளவில் இருந்த அறைகளைக் காற்றோட்டத்தால் 1,000க்குள் இறக்கியபோது தூக்கத்தின் தரமும் மறுநாள் புத்திக்கூர்மையும் மேம்பட்டன. ‘ராத்திரி முழுக்கத் தூங்கியும் காலையில் தலை பாரமா இருக்கு’ என்று சொல்லாத ஏசி வீடு உண்டா?

சரி, 1,000க்குள் வைக்க எவ்வளவு காற்று வேண்டும்? அதே இருவருக்கு மணிக்கு 45 கன மீட்டர். தலைக்கு 22 சொச்சம். அறையின் காற்று மணிக்கு ஒன்றரை முறை மாற வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கு ஆகும் கரண்ட்? நம் ஊர் ராத்திரி 29 டிகிரி, ஈரப்பதம் 80%. உள்ளே 25 டிகிரி, 55%. அந்த 45 கன மீட்டரை உள்நிலைக்குக் கொண்டுவர 0.4 கிலோவாட் குளிர்ச்சி வேண்டும். நல்ல ஏசியில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் செலவில் ஏறக்குறைய 85% சூட்டைக் குறைக்க இல்லை, ஈரத்தைப் பிழிய. டெல்லிக்காரருக்கும் நமக்கும் வித்தியாசம் இங்கேதான். புழுக்க மண்டலத்தில் புதுக்காற்று என்றால் புது ஈரம்.

இப்போது அந்த 15 வாட் எண்ணைத் திரும்பப் பாருங்கள். அதில் சுவர் வழி வரும் வெப்பம் உண்டு, கண்ணாடி வழி வரும் வெப்பமும் வெயிலும் உண்டு. காற்றோடு வரும் வெப்பமும் ஈரமும் இல்லை. ஆக, வீட்டை இறுக்கமாக மூடி வாழ்பவருக்கும் புதுக்காற்று விட்டு வாழ்பவருக்கும் இந்த எண் ஒன்றே. மூடினால் மிச்சமாகும் கரண்டுக்கு மூச்சில் என்ன விலை என்பது கணக்கின் எந்த மூலையிலும் வருவதில்லை. இதுதான் என் முதன்மையான குறை.

ஜன்னலை மூடுவது யார்?

‘ஜன்னல் கொடுத்தாகிவிட்டது. திறப்பதும் மூடுவதும் குடியிருப்பவர் பாடு’ என்று வாதிடலாம். இந்த வாதம் கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஜன்னலை மூடுகிறவர் சோம்பலால் மூடுவதில்லை. அவரவருக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைக் கட்டட விதி தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தென்னேரியில் முதல் காரணம் கொசு. ஏரியும் வயலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைப்பது நடக்காத காரியம். வலை அடித்தால் காற்று கணிசமாகக் குறையும். ஆனால் அதே திறக்கும் பரப்புதான் கணக்கில் இருக்கும். வலை அடிக்காதவர் ஜன்னலை மூடி, கொசுவர்த்தி ஏற்றுவார். சீன, மலேசியக் கொசுவர்த்திச் சுருள்களைச் சோதித்த 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்துகளின் நிறை 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று கண்டது. மூடிய அறையில் அதை ஏற்றிவிட்டுப் பிள்ளையைத் தூங்க வைக்கிறோம்.

இரண்டாவது புழுதி. ஒரகடம் சாலையில் ஓடும் ஜல்லி, எம்-சாண்ட் லாரிகளை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. ரோட்டோர வீட்டுக்காரர் பகலில் ஜன்னலைத் திறந்தால் மாலையில் தரையில் விரலால் பெயர் எழுதலாம்.

மூன்றாவது தறி. இது வெளியூர்க்காரர் யோசிக்காத காரணம். பக்கத்து ஊரில் குழித்தறி போட்டிருக்கும் ஒரு அண்ணனிடம், ‘ஏன் அண்ணா, மேல் ஜன்னலைக்கூட அட்டை வெச்சு மூடிட்டீங்க?’ என்று கேட்டேன். ‘வெயில் காத்து அடிச்சா பாவு காஞ்சி போயிடும்பா. இழை அறுந்துகிட்டே இருக்கும். மழைக்காலத்துல அதே பாவு நமுத்துப் போவும். நான் எனக்காக மூடல, நூலுக்காக மூடறேன்’ என்றார். சாதாரண நிலையில் பட்டு தன் உலர்ந்த எடையில் 11% அளவுக்கு ஈரத்தை வைத்திருக்கும். காற்றின் ஈரம் மாறினால் இழையும் மாறும். தரையில் குழி வெட்டித் தறி போடுவதில் மண்ணின் ஈரம் பாவுக்குக் கிடைக்கும் என்ற லாபமும் உண்டு. நூலுக்கு ஏற்ற காற்றும் ஆளுக்கு ஏற்ற காற்றும் ஒன்றல்ல. இரண்டும் ஒரே அறையில் இருந்தாக வேண்டும். அந்த அறையை ஒட்டியே அடுப்படியும் இருக்கும்.

பழைய வீடுகள் இதை முழுக்கத் தீர்த்துவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. முற்றமும், ஓட்டின் இடுக்கும், கூரையடி வென்டிலேட்டரும் சூடான காற்றை மேலே இழுத்து வெளியேற்றியது உண்மை. ஆளுயரத்துக்கு மேலே காற்று போனதால் பாவு அவ்வளவாகக் காயவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதே வீடுகளின் அடுப்படியில் விறகுப் புகையில் நின்றவர்கள் நம் பாட்டிகள். தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளில் விறகுப் புகையின் நுண்துகளை அளந்து, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. சமைக்கும் பெண்களுக்குத்தான் பாதிப்பு அதிகம் என்று அது எண்களோடு காட்டியது. முற்றம் இருந்த காலத்தை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் அடுப்படியையும் சேர்த்து நினைக்க வேண்டும். கேஸ் வந்ததால் விறகுப் புகை போனது பெரிய விடுதலை. ஆனால் கேஸ் அடுப்பும் நைட்ரஜன் டை ஆக்சைடு விடும், தாளிப்பும் வறுவலும் துகள் விடும். புகை கண்ணுக்குத் தெரியாததால் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதை மறந்துவிடுகிறோம்.

விதி தொடாத வீடுகள்

இதுவரை சொன்னது விதிக்குள் வரும் கட்டடங்களைப் பற்றி. இந்த 2018 தொகுப்பு 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் எழும்பும் குடியிருப்புகளுக்குத்தான். நம் கணக்கில் இரண்டேகால் கிரவுண்ட். தென்னேரியில் தனி வீடு கட்டுகிற யாரும் அதில் வரமாட்டார்கள், தறிக்காரர் நிச்சயமாக வரமாட்டார்.

அவர்களுக்கு ‘பசுமை’ என்ற சொல் வேறு வழியாக வந்தது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம். 300 சதுர அடி வீடு, தொடக்கத்தில் 1.80 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 60,000 வீடு. ஹால், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, வராண்டா, மழைநீர் சேகரிப்பு, ஐந்து சூரிய மின்விளக்கு. பிறகு கைத்தறி நெசவாளர்களுக்கென்றே 10,000 பசுமை வீடுகள் கட்டும் திட்டமும் வந்தது. குடிசையில் இருந்தவருக்கு அரசே முழுச் செலவில் கான்கிரீட் வீடு கட்டித் தந்தது சாதாரண விஷயமில்லை. அதைக் குறைத்துப் பேசுகிறவன் ஓலைக்கூரையில் ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கட்டும்.

ஆனால் அங்கே பசுமை எதனால் வந்தது என்று கேட்டால், 1.80 லட்சத்தில் 30,000 ரூபாய் சூரிய விளக்குக்கு. பெயரிலும் அதுதான் இருக்கிறது. வெயிலில் காயும் கான்கிரீட் கூரைக்கு அடியில், 300 சதுர அடியில், நாலைந்து பேர் சமைத்துத் தூங்கும் வீட்டுக்குக் காற்று எப்படி வரும், எப்படிப் போகும் என்பது ‘பசுமை’ என்ற சொல்லுக்குள் வரவில்லை. விளக்கு எத்தனை என்று எண்ணியாகிவிட்டது.

2011இன் திட்டமும் 2018இன் விதியும் வெவ்வேறு அரசுகளுடையவை, வெவ்வேறு வர்க்கத்துக்கானவை. ஒன்றில் பசுமை என்பது விளக்கு, மற்றதில் வாட். இரண்டிலும் மீட்டரில் ஓடுவது எண்ணப்பட்டது. மீட்டரில் ஓடாதது விடப்பட்டது.

இது முன்பே நடந்த கதை

மேற்கே இந்தப் பாடம் ஏற்கெனவே ஒருமுறை விலை கொடுத்துப் படிக்கப்பட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் கட்டடங்களை இறுக்கினார்கள். அங்கே காற்றோட்ட அளவை வகுக்கும் ஆஷ்ரே அமைப்பின் 1981 தரநிலை, புகைபிடிக்காத அலுவலகத்தில் தலைக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றது. தலைவலி, கண் எரிச்சல், மூக்கடைப்பு, வீட்டுக்குப் போனால் சரியாகிவிடுகிறது என்று புகார்கள் குவிந்தன. ‘நோயுற்ற கட்டடம்’ என்ற சொல்லே பிறந்தது. புதிதாகக் கட்டியதும் புதுப்பித்ததுமான கட்டடங்களில் 30% வரை இப்படிப்பட்ட புகாருக்கு ஆளாகியிருக்கலாம் என்று 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று சொன்னது. 1989இல் ஆஷ்ரே குறைந்தபட்ச அளவை 15 கன அடிக்கு உயர்த்தியது.

15 கன அடி என்பது மணிக்கு 25 கன மீட்டர். மேலே நம் படுக்கையறைக்குப் போட்ட கணக்கில் தலைக்கு 22 வந்தது. கிட்டத்தட்ட அதே எண். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அவர்களுக்கு எட்டு வருடம் ஆனது. நாம் அதைப் படித்துவிட்டே தொடங்கியிருக்கலாம்.

நம்மிடம் அறிவு இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்திய குளிர்பதனப் பொறியாளர்களின் அமைப்பான இஷ்ரே, உட்புறச் சூழலின் தரத்துக்கு 2016இலேயே தனித் தரநிலை வெளியிட்டது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இல் காற்றோட்டத்துக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. ஆனால் ஒரு சான்றிதழுக்காக ஃபிளாட் கட்டுகிறவர் எந்த எண்ணைத் துரத்துவார்? தன்னைத் தேர்ச்சி பெறச் செய்யும் எண்ணை. அது வாட் மட்டும்தான் என்றால் வாட் மட்டும்தான் குறையும்.

என்ன செய்திருக்கலாம்

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். விதித்தொகுப்பின் எளிமையைக் கெடுக்காமலே நாலு மாற்றம் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, ஆறில் ஒரு பங்கை அறைவாரியாகக் கேட்பது. குறைந்தது படுக்கையறைக்கும் சமையலறைக்கும். விரிதாளில் இரண்டு வரி கூடும், அவ்வளவே.

இரண்டு, ஷாஃப்ட் பக்கம் திறக்கும் ஜன்னலுக்குப் பாதி மதிப்பு. அடுப்படி, கழிப்பறைக் காற்று வெளியேறும் ஷாஃப்ட் என்றால் மதிப்பே கிடையாது. கொசுவலை அடித்த ஜன்னலுக்கும் ஒரு கழிவு.

மூன்று, ஜன்னலை மூடினாலும் ஆளுக்கு மணிக்கு 20 கன மீட்டருக்குக் குறையாமல் காற்று வரும் ஒரு வழி. இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஜன்னல் சட்டத்தின் மேல் வலை வைத்த ஒரு சிறு துளைப்பட்டை, குளியலறையில் மெதுவாக ஓடும் 10, 20 வாட் எக்ஸாஸ்ட் ஃபேன், நடுக்கதவின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி. இவை போதும். ஆகும் ஒரு யூனிட்டை எங்கே பிடிப்பது? ஏசியை 24இல் வைக்காமல் 26இல் வைத்துக் கூடவே சீலிங் ஃபேன் போடுவது. ஒவ்வொரு டிகிரிக்கும் 6% மிச்சம் என்பது பி.இ.இ. தானே சொல்லும் கணக்கு. இரவுக்கு 6 யூனிட் எடுக்கும் ஏசியில் இரண்டு டிகிரிக்கு முக்கால் யூனிட் வந்துவிடும். ஆற்றலா, காற்றா என்ற சண்டையே இங்கே இல்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

நான்கு, அரசு கட்டும் சின்ன வீடுகளுக்கு விதி தேவையில்லை, வரைபடம் போதும். கூரையை ஒட்டி எதிரெதிர்ச் சுவரில் வலை வைத்த இரண்டு வென்டிலேட்டர். அடுப்புக்கு நேர் மேலே புகைவழி. கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. தறி வீடு என்றால் ஜன்னலைப் பாவு மட்டத்துக்கு மேலே தூக்கி வைப்பது. அப்போது மேலே காற்று ஓடும், கீழே நூல் ஈரமாக இருக்கும், அட்டை வைத்து மூட வேண்டிய அவசியம் வராது. இதைச் சொல்ல ஆய்வகம் வேண்டாம். வீட்டை வரைவதற்கு முன் தறிக்காரரை ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

கடைசியாக, ஃபிளாட் பார்க்கப் போகிறவர்களுக்கு. ‘எத்தனை ஸ்டார், எத்தனை பாயின்ட்’ என்று கேளுங்கள், தப்பில்லை. அதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். ராத்திரி ஜன்னலை மூடி ஏசி போட்டால் இந்த அறைக்குள் புதுக்காற்று எந்த வழியாக வரும்? அடுப்படிப் புகை எங்கே போய் விழும்? விற்பவரிடம் பதில் இருந்தால் நல்ல கட்டடம். ‘ஜன்னல் இருக்கே சார், தொறந்துக்கலாமே’ என்று சொன்னால், விதித்தொகுப்பு சொல்வதையேதான் அவரும் சொல்கிறார்.